சவுனாவுக்குள்ள ஒளிச்ச காய்ச்சல்

பில்வி, போனை டொக்குன்னு வெச்சுட்டா அப்பன் அடங்கிடுவான்னு நெனச்சியா? இங்க நானும் உங்கம்மாவும் உசுரோட இருக்கோம், நீயும் சிட்னியில சளி இருமல் இல்லாம இருக்கணும், இதைச் சொல்லிட்டுத்தான் மீதியைத் திட்டப் போறேன். காய்ச்சல்காரியை சவுனா நீராவி ரூமுல உக்கார வெச்சியே நீயெல்லாம் மனுசனான்னு கேட்டியே, அந்தக் காய்ச்சலைப் பாத்து உங்கம்மாவைச் சந்தோசப்படச் சொன்னது யாருடி? மார்புப் புத்துக்கு அந்தப் புது ஊசி ஆரம்பிச்சப்ப நீதானே அளந்தே, இந்த ஊசி உசுப்பி விடுற ரத்தத்துக் காவல் செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும், சேதி கொண்டு போற புரதத்துக்குப் பேரு சைட்டோகைன், உடம்பு சுட்டா அதுங்க வேலை செய்யுதுன்னு அர்த்தம்மான்னு. அந்தக் கூட்டம் எல்லை மீறினா சொந்த நுரையீரலையே போட்டு அடிக்கும்ங்கிற மிச்சத்தை மட்டும் முழுங்கிட்டே, கேட்டா அம்மா பயந்துடுவாளாம், பெரிய டாக்டரம்மா!

உங்கம்மா ஹெல்வி லேசுப்பட்டவளா? காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸுக்கு மேல போனா ஊசியை நிறுத்திடுவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா. சனிக்கிழமை மட்டும் மூட்டுற சவுனாவை புதனும் மூட்டு வியாழனும் மூட்டுன்னா. நான் ஒரு கூமுட்டை, கிழவிக்குத் தெம்பு வந்துடுச்சு, என் மேல ஆசையும் வந்துடுச்சுன்னு பல்லை இளிச்சுக்கிட்டு விறகு சுமந்தேன். நர்ஸ் ரவுஹா போன்ல சூடு எவ்வளவுன்னு கேட்டா, இப்பத்தான் சவுனாவுலேருந்து வந்தேன், அதான் கூடக் காட்டுதுன்னு இவ சொல்ல, அவளும் நம்மூர்க்காரிதானே, சவுனான்னா மறு கேள்வி ஏது, நம்பிட்டா. வெள்ளிக்கிழமை நான் அடுப்புல காஞ்ச கல்லு மேல தண்ணி ஊத்துறேன், ஆவி மூஞ்சைப் பொசுக்குது, மேல் பலகையில உக்காந்திருக்குறவ பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. சவுனாவுல குளிர்ல நடுங்குற பொம்பளையை இந்த வயசுல அன்னிக்குத்தான் பாத்தேன். துண்டோட வாரிச் சுருட்டி ஆம்புலன்ஸுல ஏத்துனேன்.

டாக்டர் ஸ்டீராய்டு குடுத்து அந்தக் கூட்டத்தை அடக்கிட்டாரு. காய்ச்சல் வந்தாதான் மருந்து வேலை செய்யுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னதுன்னு என்னைக் கேட்டாரு, உன் பேரை நான் சொல்லல, வெக்கமா இருந்துச்சு. இன்னொரு தடவை மறைச்சா உசுரு தங்காதுன்னும் சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்தும் புத்தி வரல. இன்னிக்குக் காலையில கையைத் தொட்டா நெருப்பா கொதிக்குது, காப்பிக் கப்பைப் பிடிச்ச சூடுங்கிறா! ஆஸ்பத்திரிக்குப் போன் போடலாம்னா, என் உடம்பு என் இஷ்டம், நீ சும்மா கெடங்கிறா. அதான் எதுக்க உக்கார வெச்சு இதைச் சத்தமா படிச்சுக்கிட்டே எழுதுறேன், உன்னைத் திட்டுற சாக்குல அவளையும் திட்டிக்கலாமுல்ல.

வேளைக்குச் சாப்பிடு. பாதி சேதி சொல்ற பழக்கத்தை விடு. உன் அம்மாவும் நானும் உன்னை மனசார வாழ்த்துறோம்னு எழுத வந்தேன், அதுக்குள்ள அவ எந்திரிச்சுப் போயிட்டா. நான் இன்னும் முடிக்கலடின்னு கத்துறேன், காதுலயே வாங்கல. சமையக்கட்டுல போன்ல பேச்சுச் சத்தம் கேக்குது. ரவுஹா, நான் ஹெல்வி பேசுறேன், முப்பத்தெட்டரை காட்டுது, சவுனாவும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, காய்ச்சல்தான்னு சொல்றா.

அப்பா டவுனோ