வரும்போது உன் முறை

இன்று காலை உன் ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். உள்ளே ஒரு காய்ந்த மல்லிகை ஒட்டியிருந்தது. நீ போய் வருடம் திரும்பிவிட்டது. வாடை இன்னும் போகவில்லை.

இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் மகள் ஒரு பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவன் வீட்டார் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வாய்வரை வந்த 'முடியாது' என்பதை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

நாம் எதையும் வீட்டுக்குள் வைத்து முடிவெடுத்ததில்லையே. "இங்க பேசுனா சண்டைதான் வரும், வண்டிய எடுங்க" என்பாய். அய்யலூர் போகும்வரை ஒருவர் பேச வேண்டும், வரும்போது மற்றவர். நான் குறுக்கே வாயைத் திறந்தால் முதுகில் ஒரு தட்டு விழும். "இது என் முறைங்க. நீங்க ரோட்டப் பாருங்க."

திருப்பூருக்கே குடிபோய்விடலாம் என்று ஒருமுறை அய்யலூர் வரை கத்தினேன். திரும்பும்போது நீ கேட்டது ஒன்றுதான். "ஒங்க அம்மாவ யாருங்க பாத்துக்குவா?" வடமதுரை வருவதற்குள் திருப்பூர் ஆசை போய்விட்டது.

முதல் முறையை எப்போதும் எனக்கே விட்டுக்கொடுப்பாய். மரியாதை என்று நினைத்திருந்தேன். கள்ளி, வீடு வந்து இறங்கும்போது காதில் நிற்பது யார் பேச்சு என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அதனால் இன்று நான் உஷாராக இருந்தேன். மகள் உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறியதும், "நீ மொதல்ல சொல்லும்மா" என்றேன்.

"இல்லப்பா, நீங்க சொல்லுங்க. நான் வரும்போது பேசிக்கிறேன்."

சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்!

பேசினேன். சொந்தக்காரர்கள், ஊர் வாய், நாளைக்குப் பிறக்கும் பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிடும் என்பதுவரை பேசினேன். அய்யலூரில் வண்டியைத் திருப்பினேன். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவரு குறுக்க பேச மாட்டாருப்பா."

"அதுக்காக..." என்று ஆரம்பித்தேன். முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியதும், "ஞாயித்துக்கெழம எத்தன பேரு வாராக?" என்று கேட்டேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள்.

செய்தது சரிதானா என்று மனசு இன்னும் அடித்துக்கொள்கிறது. நீ இருந்தால் இப்போதே வண்டியை எடுத்திருப்பேன். முதுகு மட்டும் அந்தத் தட்டுக்காகக் காத்திருக்கிறது.