பின்னால் கேட்ட பர்மாக் குரல்

நைனா,

தெருவே நைனா என்று கூப்பிட்ட நீ கடை போட்டிருந்த இடத்தில் இப்போது வேறொருவன் உன் பர்மா நூடுல்ஸ் அத்தோவைப் போடுகிறான். நேற்று மதியம் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ராயபுரம் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. பூண்டு எண்ணெயில் தாளிக்கிற வாசனை லாரி கேபினுக்குள் ஏறி வந்தது. இறங்கிப் போய் ஒரு தட்டு வாங்கினேன். புளித்தண்ணீர் கம்மி, வெங்காயம் கருகல். நீயாக இருந்தால் நடுரோட்டில் சண்டை பிடித்திருப்பேன். அவனிடம் எனக்கு என்ன பேச்சு? பாதியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேச வேண்டியது உன்னிடம்தான் இருக்கிறது, நீ செத்து இருபது நாள் ஆன பிறகு.

உன் தாத்தா ரங்கூனுக்கு மூட்டை தூக்கப் போனவர். பதினைந்து வயதில் அம்மாவோடு கப்பலேறி நீ இங்கே திரும்பினாய். “அந்தூரு தொரத்திச்சு, இந்தூரு நம்ம கையால துன்னக் கத்துக்கிச்சு” என்று நூடுல்ஸைப் பிசைந்தபடியே சொல்வாய். சரக்குக் கப்பலில் வரும் பர்மாக்கார மாலுமிகள் உன் கடையைக் கேட்டுக் கேட்டு வருவார்கள். அவர்களோடு பேசும்போது உன் குரலே மாறிவிடும். எங்களிடம் கத்துகிற ஆளா இது என்று இருக்கும்.

எங்கள் தெருவில் வெளிநாடு என்றால் துபாய், குவைத்து. வெல்டர், ஃபிட்டர், கொத்தனார் என்று கிளம்புவார்கள். என் தம்பி ஸ்டீபன் பி.காம். படித்தவன், வெயில் ஆகாது. பேங்காக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை என்று ஓர் ஏஜென்ட் சொன்னதும் குதித்தான். பொய் சொல்வானேன், நானும் குதித்தேன். ஏர்போர்ட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனவன் நான்.

போன பத்தாம் நாள் உன் கடையில் நிற்கும்போது அவனிடமிருந்து அழைப்பு வந்தது. பெருமைக்கு ஸ்பீக்கரில் போட்டேன். நல்லா இருக்கேண்ணா, சாப்பாடு நல்லா இருக்கு என்று பாடம் ஒப்பிக்கிறவன் போலப் பேசினான். நீ பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாய்.

“இது பேங்காக் இல்லப்பா. பின்னாடி ரெண்டு பொம்பளைங்க பேசிகினு கீறாங்க. பர்மா பேச்சு.”

“உனுக்கு எங்க பாத்தாலும் பர்மாதான்” என்றேன். நீ மறுபடி சொன்னாய். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டேன். என் தம்பி நல்லா இருப்பது உனக்குப் பொறுக்கவில்லையா என்றுகூடக் கேட்டேன். அதன்பிறகு பதினைந்து நாள் உன் கடைப்பக்கம் வரவில்லை. அந்தப் பதினைந்து நாளும் அவனை அங்கே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த அழைப்பு தெரியாத நம்பரிலிருந்து வந்தது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டீபன் அழுதான். பேங்காக்கில் இறங்கியதுமே வண்டியில் ஏற்றி, ஓர் ஆற்றைத் தாண்டி, சுவர் வைத்த பெரிய கட்டடத்துக்குள் அடைத்துவிட்டார்களாம். போனில் ஊர் உலகத்தை ஏமாற்றுகிற வேலை. செய்ய மாட்டேன் என்றால் கரண்ட் ஷாக். எந்த இடம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. கழிவறை கழுவுகிற பெண் ஒளித்துத் தந்த போனில்தான் பேசினான். நாளை இதே நேரம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

அந்த ஒரு நாளில் நான் ஓடாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். எந்தக் கட்டடம், எந்த கேட்? அது தெரியாமல் அங்கே யாரிடம் பேசுவது? மறுநாள் வெட்கத்தை விட்டு உன் கடைக்கு வந்தேன். நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலை எனக்குப் போட்டாய்.

போன் வந்தது. நீ பக்கத்தில் இருப்பதைச் சொன்னதும், ஸ்டீபன் அதை இடம் தெரிந்த அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓடினான். நீ பேசினாய். பேசப் பேச உன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. நடுவில் என்னிடம் சொன்னாய்:

“அந்தக் கட்டடம் இவங்கப்பா சோளம் போட்ட நெலம்பா. புடுங்கிகினாங்க. சண்டையில இவங்க வூரு ஆம்பளைங்க எல்லாம் ஆத்தத் தாண்டித் தாய்லாந்துக்குக் கூலிக்கு ஓடிட்டானுங்க. உலகத்துல கீறவன எல்லாம் இங்க இட்டுகினு வந்து அடைச்சு வச்சிகிறாங்க. இவ சொந்த நெலத்துல கக்கூஸ் கழுவுறா.”

எனக்கு அதெல்லாம் எதற்கு? “கட்டடத்து கேட்டப் போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லு” என்றேன். நீ அவளிடம் பேரைக் கேட்க ஆரம்பித்தாய். நான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். “பேரு இன்னாத்துக்கு? கேட்டு, கேட்டு!”

அவள் பயந்தாள். மாட்டினால் என்ன செய்வார்கள் தெரியுமா என்று கேட்டாளாம். உனக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லச் சொன்னேன்.

“அத எப்டிப்பா சொல்றது? ராயபுரத்துல குந்திகினு நாம இன்னாத்தப் பாத்துக்க முடியும்?”

“சொல்லு நைனா!” என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய், உன் நம்பரையும் கொடுத்தாய். அன்று மாலையே உன் போனுக்குப் போட்டோ வந்துவிட்டது. அதை ஆபீஸ் ஆபீஸாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்டீபன் ஒரு கும்பலோடு மீட்கப்பட்டு வந்தான். அதற்கு முன்பே அவள் உன்னை ஒருமுறை கூப்பிட்டிருந்தாள். எல்லார் போனையும் வாங்கிப் பார்க்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்று நீதானே சொன்னாய் என்று கேட்டாள். அவ்வளவுதான். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

தம்பி பாவம், ஏற்கெனவே ஆடிப் போய் வந்திருக்கிறான், அவன் காதுக்கு இது போகக்கூடாது என்றேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய். அதற்குப் பிறகு எந்தப் பர்மாக்கார மாலுமி வந்தாலும் நீ முதலில் கேட்டது இவளைப் பற்றித்தான். ஊரில் யாரையாவது விசாரிக்கச் சொல்வாய். அவன் பேர் கேட்பான். நீ என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் எழுந்து கை கழுவப் போவேன். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனைத் தலையணைக்குக் கீழேயே வைத்திருந்தாய்.

உன் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்டீபனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“மா கின்” என்றான். “அவங்க பேரு மா கின். வூரு பேரும் தெரியும். எனுக்கு டெய்லி ஒரு உருண்ட சோறு குடுத்தவங்கண்ணா அவங்க. நைனா அத்தினி நாளு தேடிகினு இருந்தாரா? ரெண்டு பேரும் என்னாண்ட ஒரு வார்த்த கேக்கவே இல்லியே?”

ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயை அடைத்த ஒருவனிடம்தான், நைனா, நீ சாகும்வரை தேடின பேர் இருந்தது.

அந்தப் பேரையும் ஊரையும் ஸ்டீபன் பர்மிய எழுத்தில் யாரிடமோ எழுதி வாங்கித் தந்திருக்கிறான். லைசென்ஸ் கவரில் வைத்திருக்கிறேன். துறைமுக கேட்டில் பர்மாக்கார மாலுமி மாதிரி யாரைப் பார்த்தாலும் எடுத்து நீட்டுகிறேன். இதுவரை மூன்று பேர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யாராவது ஒருவன் அவளிடம் போய்ச் சேர்ந்தால், அவள் உயிரோடு இருந்தால், ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாக்குக் கொடுத்த குரல் உன்னுடையது, வாக்கு என்னுடையது என்று.