கதவில் ஐந்து வெட்டு

பெப்ரவரி 7, 1961. செவ்வாய்.

காலையில் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் எடுக்கவே கால் மணி நேரம். அப்போதே காரை ஷெட்டில் விட்டுவிட்டுப் படுத்திருக்க வேண்டும்.

டயகமவுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் ஆறு நாளாக ஸ்ட்ரைக். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கடைவீதியில் நின்றுகொண்டு, “ஆபீசுல கொண்டுபோயி விட்டுரு” என்றார். வாடகைக் கார் வைத்திருப்பவன் யார் ஏறினால் என்ன? ஏற்றினேன்.

ஃபாக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் மூன்று பேர். தலையோடு கம்பளி போர்த்தியிருந்தார்கள். முகம் தெரியவில்லை. ஒருத்தன் கல்லால் முன் கண்ணாடியை அடித்தான். இன்னொருத்தன் பாறாங்கல்லைப் பானெட்டில் போட்டான். கிளாக்கர் மறு பக்கக் கதவைத் திறந்து தேயிலைக்குள் விழுந்து ஓடினார். அவரை யாரும் துரத்தவில்லை. என் காரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவன் கையில் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி. என் கதவுக்கு நேரே வந்தான். நான் பக்கத்து சீட்டில் குப்புற விழுந்துவிட்டேன். சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து.

சேதம்:
முன் கண்ணாடி, இல்லை.
பானெட், குழி.
ஹெட்லைட் ஒன்று.
டிரைவர் பக்கக் கதவு, ஐந்து வெட்டு. இரண்டு, தகட்டைத் துளைத்து உள்ளே வந்துவிட்டன.
நான், நெற்றியில் கீறல். அது கிடக்கட்டும்.

எட்டு வருஷம் அடுத்தவன் லொறியை ஓட்டி வாங்கிய கார். கதவை வெட்டியவன் யாரென்று தெரிந்தால் வெட்டுவேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பின்னேரம் கிளாக்கர் வந்தார். பொலிசில் எழுதிக் கொடு என்கிறார். எழுதினால் கார் சாட்சிக்கென்று பொலிஸ் முற்றத்தில் நின்று துருப்பிடிக்கும். “நீங்க ஓடுனீங்களே ஐயா, நீங்களே எழுதிக் குடுங்க” என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

காரைத் திருத்த எங்கே கொடுப்பது?
தலவா. – கராஜ்காரர் கந்தசாமி பாஸ். பக்கம். வாய் அதிகம்.
நு.எ. – துரைமார் கார் போகும் கராஜ். ஸ்ப்ரே பெயின்ட் உண்டு.
ஹட்டன் – பியசேன பாஸ். தகடு தட்டுவதில் அவரைப்போல் ஆள் இல்லையாம். ஆனால் கோபக்காரராம். ஒரு கராஜுக்கு இரண்டு கோபக்காரர்கள் அதிகம்.

பெப்ரவரி 8. புதன்.

தலவாக்கலை. கண்ணாடி இல்லாமல் ஓட்டினால் தெரியும் குளிர் என்றால் என்னவென்று. முகத்தைச் சுற்றித் துண்டு. அப்படியும் கண்ணில் தண்ணீர்.

கந்தசாமி பாஸ் காரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. கதவுக்கு முன்னால் நின்று ஸ்பானரைக் கத்திபோல் ஓங்கிக் காட்டினார்.

“தம்பி, இங்க பாருங்க. சோத்தாங்கையால ஓங்கி வெட்டுனா வெட்டு இந்தப் பக்கமா சாயும். இது அஞ்சும் அந்தப் பக்கமா சாஞ்சிருக்கு. வெட்டுனவன் நொட்டாங்கைக்காரன். எழுதி வச்சிக்கிருங்க.”

அந்தத் தோட்டத்துக் கவ்வாத்துக்காரர்களில் இடது கைக்காரன் ஒருத்தன்தான். மாரிமுத்து. அவன் கத்தியை மற்றவர்கள் தொடமாட்டார்கள். அதற்கு வாய் தீட்டியிருப்பது மறுபக்கம்.

போன வருஷம் அவன் மனைவி ராக்கம்மாவைக் கொட்டுகிற மழையில் பிரசவத்துக்கு ஏற்றிப் போனது இதே கார். வாடகை கூட வாங்கவில்லை. பிள்ளை பிழைத்தது. அவனா? அவனேதான். உப்புத் தின்ற வீட்டிலேயே கை வைத்திருக்கிறான்.

கந்தசாமி பாஸ் வெட்டுகளைப் பட்டிப் பசை வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்து நாலு நாளில் தருகிறாராம். மனுஷனைப் பிடித்துவிட்டது. ஆனாலும் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 9. வியாழன்.

நுவரெலியா. வெள்ளைக் கோட்டுப் போட்ட மானேஜர். தமிழனாம், தமிழ் வராதாம். ஸ்ட்ரைக்கில் அடிபட்ட காரை எடுக்கமாட்டோம், பொலிஸ் கடதாசி வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னான். பக்கத்தில் ஒரு துரையின் கார். நாய் பிறாண்டிய கீறலாம். அதைச் சுற்றி நாலு பேர் துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. வரும்போது அவர்களுடைய எண்ணெய் டிரம்மை ஓர் உதை. உருண்டு வாசல் வரைக்கும் போனது. இந்தக் கராஜ் முடிந்தது.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. அந்தக் கை. முதலில் அது, பிறகுதான் கராஜ்.

வாங்க: டிஞ்சர், மண்ணெண்ணெய், சவர்க்காரம்.

பெப்ரவரி 10. வெள்ளி.

செய்துவிட்டேன்.

மூன்று மணி. பனிமூட்டம். கோயிலுக்குக் கீழே போகும் குறுக்குப் பாதை. நானும் தலையோடு கம்பளி போட்டுக்கொண்டேன். அவர்களுக்கு மட்டும்தான் கம்பளியா? கையில் காரின் ஸ்டார்டிங் ஹேண்டில். மாரிமுத்து அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாக வந்தான். பின்னாலிருந்து காலில் ஒன்று. விழுந்தான். இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். அந்தக் கையில் மூன்று. மூன்றாவதில் எலும்பு விட்டது. விறகு ஒடிகிற சத்தம்.

“சாமி, யாரு சாமி நீங்க? நான் என்னா செஞ்சேன்?”

வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும். அரிசி பாதையெல்லாம் கொட்டிக் கிடந்தது, மிதித்துக்கொண்டே வந்தேன். என்ன செய்தேனாம். நடிப்பு.

வந்து குளித்தேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 11. சனி.

டீக்கடையில் இதே பேச்சு.

“மாரிமுத்துவ யாரோ அடிச்சிப் போட்டுட்டாங்களாமே?”

“தொரை ஆளு வச்சி அடிச்சதாம். சங்கத்து ஆளுகள ஒவ்வொருத்தனா பாக்குறாங்களாம்.”

இன்னொரு டீ சொன்னேன். துரை மேலேயே போகட்டும். துரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கந்தசாமி பாஸிடமே கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். பஸ் டிரைவர் ஒருத்தர் கெடுத்துவிட்டார். “பட்டி வச்சா இந்த ரோட்டுக்கு ரெண்டு மாசம் தாங்காது, கொட்டிரும். தகட்டத் தட்டி எடுக்கணும். ஹட்டனுக்குக் கொண்டு போங்க” என்கிறார். அதுவும் சரிதான். திங்கட்கிழமை ஹட்டன்.

பெப்ரவரி 13. திங்கள்.

எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பியசேன பாஸ் வா என்றும் சொல்லவில்லை. கதவுக்கு முன்னால் குந்தினார். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை வெட்டுக்குள் விட்டுக் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போனார். ஐந்தையும் அப்படியே.

“மல்லி” என்றார், சிங்களத்தில் தம்பி. “இது மேல இருந்து வெட்டினது இல்ல. கீழ இருந்து மேல போனது. பாருங்க, கீழ ஆழம். மேல போக மெலிசு. தகடு மேலதான் சுருண்டு இருக்கு.”

இடது கைக்காரன் வெட்டியது என்று தலவாக்கலையில் சொன்னார்களே என்றேன்.

“கை எது எனக்குத் தெரியாது. தகடு சொல்றது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பா கவ்வாத்துக்காரர். கவ்வாத்து மலைக்கு அவருக்குச் சாயத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். கவ்வாத்து வெட்டுகிறவன் மேலிருந்து கீழே ஓங்கமாட்டான், ஓங்கினால் செடியின் வாது பிளந்துவிடும். கத்தியைக் கீழே கொடுத்து மேலே இழுப்பான். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகாது, தேயிலையானாலும் கார்க் கதவானாலும். வலது கைக்காரன் அப்படி இழுத்தால் வெட்டு இப்படித்தான் சாயும். இடது கைக்காரன் இழுத்தால் மறுபக்கம் சாய்ந்திருக்கும்.

அந்தத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரில் இந்த வெட்டை வெட்டியிருக்க முடியாத ஒரே ஆள் மாரிமுத்து.

கராஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பாஸ் பிளேன் டீ கொண்டுவந்து கொடுத்தார். காரை விடுகிறாயா என்றார். நாளை வருகிறேன் என்றேன். எப்படித் திரும்பி ஓட்டினேன் என்று தெரியவில்லை.

தலவாக்கலையில் நிறுத்தி அந்தக் கந்தசாமியின் வாயைக் கிழிக்கலாம் என்று இறங்கினேன். திரும்ப ஏறிவிட்டேன். அவர் வாயைத்தான் திறந்தார். ஹேண்டிலைத் தூக்கியது நான். அவர் சொன்னது எனக்கு வேண்டியதாக இருந்தது, அதனால் அவரை நல்ல பாஸ் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 14. செவ்வாய்.

விடிந்ததும் ராக்கம்மா ஓடி வந்தாள். இடுப்பில் பிள்ளை. மாரிமுத்துவின் கை முழங்கை வரைக்கும் வீங்கிக் கறுத்துவிட்டதாம். தோட்டத்து மருந்துக்காரர் இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாராம். ஸ்ட்ரைக் என்று தோட்டத்து லொறியும் வராதாம்.

“அண்ணே, ஒங்க காரு ஓடுமாண்ணே? கண்ணாடி இல்லாட்டியும் பரவால்லண்ணே. ஹட்டனுக்குப் போகணும்ணே.”

போனேன். மாரிமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டது. ஏறும்போது கதவைப் பார்த்தான்.

“ஒங்களையும் விட்டு வைக்கலயாண்ணே?”

பின் சீட்டில் கிடந்த என் கம்பளியை எடுத்து ராக்கம்மா அவனுக்குப் போர்த்தினாள். நான் காரை எடுத்தேன். தலவாக்கலை தாண்டும்வரை முனகல் மட்டும். பிறகு மாரிமுத்து பேசினான்.

“நம்ம ஆளுகதான் ஒங்க கார வெட்டுனாங்கன்னு சொல்றாங்கண்ணே. நான் நம்பல. எல்லாம் தொரையோட அடியாளுக. கம்பளி போட்டவன்தானே? எனக்கும் அவன்தாண்ணே. நீங்க விடமாட்டீங்க, எனக்குத் தெரியும். அவனப் புடிச்சீங்கன்னா எம்பேரச் சொல்லி ரெண்டு போடுங்கண்ணே.”

“போடுறேன்” என்றேன். அதைத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரி டொக்டர் அவனை விட்டுவிட்டு என்னைத் திட்டினார். நாலு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். கராஜ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேரே பியசேன பாஸ். இனி வேறு இடம் பார்க்க வேண்டியதில்லை. பட்டி வேண்டாம், தட்டித்தான் எடுக்க வேண்டும் என்றேன். ஏழு நாள், ஒரு கிழமை கேட்டார். விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

பெப்ரவரி 17. வெள்ளி.

பஸ்ஸில் ஹட்டன். ஆஸ்பத்திரி. வார்டு வாசல் வரைக்கும் போனேன். தூரத்தில் கட்டிலில் தெரிந்தான். கையில் மாவுக்கட்டு. உள்ளே போகவில்லை.

நர்சிடம் கேட்டேன். கையை எடுக்க வேண்டியதில்லையாம். ஆனால் விரல் மடங்காது, கத்தி பிடிக்க ஆகாது. கவ்வாத்துக்காரனுக்குக் கத்தி பிடிக்க ஆகாவிட்டால் கை இருந்தால் என்ன, போனால் என்ன.

ஸ்ட்ரைக் முடிந்ததாம். இரண்டு பக்கமும் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். காரை வெட்டியவன் யாரென்று இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

பெப்ரவரி 21. செவ்வாய்.

கார் ரெடி. பாஸ் கதவைத் தட்டி எடுத்திருக்கிறார், பட்டி ஒரு விரலளவுகூட இல்லை. வெட்டு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. முன்பு இரண்டு தரம் அடித்தால்தான் பூட்டும். இப்போது விட்டால் போதும், ஒரே சத்தம்.

மாரிமுத்துவையும் இன்றைக்கே அனுப்புகிறார்கள் என்று ராக்கம்மா சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் காரை நிறுத்தினேன். அவள் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். “ஒங்களுக்குத்தாண்ணே, சாப்புடுங்க” என்றாள். ஒரு வாய் வைத்தேன். இறங்கவில்லை. வாயில் ரொட்டியோடேயே சொன்னேன்.

“மாரிமுத்து, ஒன்ன அடிச்சது நான்தான்.”

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கந்தசாமி பாஸ், வெட்டின் சாய்வு, நொட்டாங்கை எல்லாம். ராக்கம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

“நொட்டாங்கைக்காரன் இழுத்தா இந்தப் பக்கமாண்ணே சாயும்? ஒங்க அப்பா கவ்வாத்துக்காரருதானே?” என்றான் மாரிமுத்து.

“ஆமா.”

வெகுநேரம் கதவைத் தடவிக்கொண்டு நின்றான். “நல்லாத்தான் செஞ்சிருக்காரு” என்றான். பிறகு கேட்டான்.

“எந்தக் கையால அடிச்சீங்க?”

வலது கையைக் காட்டினேன். கதவைத் திறந்தான்.

“இதுல வைங்க.”

“வேணாங்க, வேணாங்க” என்று ராக்கம்மா கத்தினாள். நான் கையைக் கதவு இடுக்கில் வைத்தேன். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. அவனுக்குப் பழக்கமில்லாத வலது கையால்தான் சாத்தினான். அதுவே போதுமாக இருந்தது.

நான் அழவில்லை. அவன்தான் தரையில் உட்கார்ந்து அழுதான். அவர்கள் பஸ்ஸில் போனார்கள். என் கையை உள்ளே கட்டினார்கள், காரை ஆஸ்பத்திரி டிரைவர் ஒருத்தர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டுவந்து விட்டார்.

(இதை நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கடையில் பொட்டலம் கட்டும் கணேசன் எழுதினான் என்று யாரும் நினைக்க வேண்டாம். இடது கையால் நானே எழுதியது. மூன்று நாள் பிடித்தது.)

பெப்ரவரி 24. வெள்ளி.

இடது கை. எழுத்து கோணல். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கியர் போடலாம், ஸ்டியரிங் பிடிக்க முடியாது.

பியசேன பாஸ் பஸ்ஸில் வந்து காரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கதவைத் திறந்து சாத்திப் பார்த்தார். கீறல் இல்லை.

பின்னேரம் ராக்கம்மா வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

“அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு. கையி வீங்கியிருக்கான்னு.”

வீங்கியிருக்கிறது என்று சொல் என்றேன்.