பாண்டி அறுத்த வெள்ளைக் கேன்கள்

ஏப்ரல் 6, திங்கள்
காலை ஒன்பதுக்கே வெயில் தாளவில்லை. டயாலிசிஸ் மருந்து வந்த காலிக் கேன்கள் நான்கு, பத்து லிட்டர், ஆஸ்பத்திரி நர்ஸம்மா கொடுத்தது. தம்பி பாண்டி செடி வைக்க வாய்ப்பக்கத்தை அறுத்தான். இரண்டாவதிலேயே கை ஓய்ந்துவிட்டது. மீதி நான். ஆணியைச் சுட்டு அடியில் ஐந்தாறு ஓட்டை. கூடவே ஒழுகும் குடம், பிடி போன குக்கர். கரிசல் மண், ஆட்டுப் புழுக்கை, தேங்காய் நார். தக்காளி, கத்தரி நாற்று திருச்சுழியில் வாங்கியது. குக்கரில் புதினா.

பாண்டி லோடு வண்டி ஓட்டியவன். கிட்னி போய் இரண்டு வருடம். செவ்வாய், சனி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர், காபி குழம்பு எல்லாம் சேர்த்து. குடிதண்ணீரை உள்ளறையில் வைத்துப் பூட்டுகிறேன்.

"செடிக்கு நான் ஊத்துறேன்க்கா. பாத்துக்கிட்டாவது இருக்கேன்."

சரி என்றேன். அரிசி களைந்த, காய் கழுவிய தண்ணீர், ஒரு வாளி.

ஏப்ரல் 7, செவ்வாய்
ஆஸ்பத்திரியில் பாண்டி எடை நாலு கிலோ கூடுதல். நர்ஸம்மா: "யாரும்மா இவ்வளவு தண்ணி குடுத்தது?" யாருமில்லை என்றேன். நம்பவில்லை. எனக்குக் கோபம். நாளையிலிருந்து ரசம் கிடையாது.

ஏப்ரல் 9, வியாழன்
துணி காயப்போட்டுவிட்டுக் கொல்லைக்கு வந்தேன். பாண்டி குத்தவைத்து உட்கார்ந்து, வாளித் தண்ணீரை மக்கில் மொண்டு வாயில் வைத்திருந்தான். கழுநீர்.

அறைந்துவிட்டேன். நாற்பத்தொரு வயது ஆள். கன்னத்தைத் தடவவில்லை, வாயைத்தான் துடைத்தான்.

"ஒரு வாய்தான்க்கா."

கேன் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. நாற்றுக்கு இரண்டு நாளாக ஊற்றவே இல்லை.

இருவரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி
பாண்டிக்கு மூச்சுத் திணறல். படுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோ. வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தான். டாக்டர் என்னைத் திட்டினார். பாண்டி மாஸ்க்கை விலக்கி, "அக்காவச் சொல்லாதீங்க சார். அது பூட்டித்தான் வச்சுருந்துச்சு."

ஏப்ரல் 12, ஞாயிறு
நேற்று வீடு திரும்பினோம். இரண்டு தக்காளி செத்துவிட்டன. கொல்லைக் கதவுக்குத் தாழ். அவன் தூங்கும்போது மற்றவற்றுக்கு நானே ஊற்றுகிறேன், கேன் ஓரமாக, மெதுவாக. தண்ணீர் விழும் சத்தம் அவனுக்குக் கேட்கக் கூடாது.

ஏப்ரல் 14, செவ்வாய்
வருடப் பிறப்பு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறான்.

"நாக்கு ஒட்டிப்போயி இன்னும் எத்தன வருசம் கெடக்க? விட்டுரு."

திட்டினேன். காலைப் பிடித்து அழுதேன். கடைசியில், "ஒரு சொம்பு நெறையக் குடு. குடிச்சிட்டு வாரேன்."

பூட்டைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டயாலிசிஸ் மெஷின் இந்தத் தண்ணீரை எடுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். எடுக்குமா, தெரியாது.

சட்டை மாட்டிவிட்டேன். ஏழே காலுக்கு பஸ். இனி ஒவ்வொரு செவ்வாயும் சனியும் கேட்பான். கொடுப்பேன்.