தலையாட்டியது நீ இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நாங்கள் நலம் என்று மனசறிந்து எழுத இந்த வாரம்தான் முடிகிறது. அம்மாவுக்கு வயிற்றில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், வீட்டுக்கு வந்து உன் தம்பியின் சமையலுக்குக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். என்ன ஆபரேஷன், எனக்குத் தெரியாதே என்று பதறுவாய். பதறு. உன்னிடம் சொல்லிவிட்டதாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரை விட்டுப் போகும்போது, ஆளுக்கொரு பொம்மையாகச் சந்தித்துப் பேசலாம் என்று அந்தத் தீவு விளையாட்டை நீதான் என் போனில் போட்டுக் கொடுத்தாய். பிறகு உன் மைக் கெட்டுவிட்டது, "நீங்க பேசுங்கப்பா, நான் கேட்டுட்டே தலையாட்டுறேன்" என்றாய். லிஃப்ட் ரிப்பேர் முடிந்து வந்ததும் கையில் கிரீஸோடு உட்கார்ந்துவிடுவேன். ஆடு சுவருக்குள் சிக்கிக்கொண்டு கத்தும், கட்டின கூரை மறுநாள் காணாமல் போகும், ஊரே விளையாடுகிற ஒன்றை இப்படியா அரைகுறையாகச் செய்வார்கள் என்று சிரித்தபடி பொறுத்துக்கொண்டேன். போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்று, ஸ்கேனில் கட்டி தெரிந்ததை மொட்டை மாடிக்குப் போய் அந்த விளையாட்டில்தான் உன்னிடம் சொன்னேன். நீ கோடாரியைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினாய். பெண் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் அம்மாவிடம் ஆபரேஷன் என்று சொன்ன அன்று, மகளுக்கும் தெரியும் என்றேன். ஆபரேஷன் முடிந்தும் உன் போன் வரவில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த என் கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்தான் சொன்னான். "அண்ணே, அது உங்க பொண்ணு இல்ல. ஆளு எழுந்து போயிட்டா கம்ப்யூட்டரே அந்தப் பொம்மைய ஆட்டும். யார் பேசினாலும் தலையாட்டும். ஆள் இல்லைன்னு காட்டவே காட்டாது, அந்த கேம்ல அதான் பெரிய கோளாறு." நம்பாமல் மைக்கில், நான் உன் அப்பா இல்லை, திருடன் என்றேன். அதற்கும் தலையாட்டினாய். மைக் கெட்ட நாளிலிருந்தே நீ அங்கே இல்லையா, இல்லை மைக் கெடவே இல்லையா, அதை மட்டும் எனக்குச் சொல்லாதே.

அம்மாவிடம் சொன்னேன். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ அவளுக்குத் தெரியாதா! தெரிஞ்சும் கேக்கலியேன்னுதான் மனசு வெந்துச்சு" என்றாள். அவளுக்கு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை.

அந்தக் குப்பையை அழித்துவிடச் சொல்கிறான் உன் தம்பி. கதவு கொஞ்சம் முட்டுகிற லிஃப்டை நான் ஓட விட்டிருக்கிறேன், மாடியைத் தப்பாகக் காட்டுகிற லிஃப்டை ஓட விட்டதில்லை. ஆனாலும் இதைக் கெட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. உன்னோடு நான் அவ்வளவு பேசியது வேறெங்கே? ஆள் இல்லாததைக் காட்டாதது அதன் குறை. சொல்லாமல் எழுந்து போனது அதன் குறை இல்லையம்மா. வேலை இருக்கிறது, வர முடியாது என்று நீ சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, அந்த ஆசீர்வாதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. இது கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிடு. அதிகம் சிரிக்க வைக்காதே, தையல் இழுக்கிறது. என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. கொஞ்ச நாள் போகட்டும்.

உன்மேல் கோபம் தீராத
அப்பா