மணி திரும்ப வரவேண்டும்

தங்கச்சிக்கு,

நீயும் உன் பக்கத்தாரும் செய்தது திருட்டு. சபை இரண்டாகப் பிரிந்த சண்டையில், நம் பழைய சர்ச்சின் வெண்கல மணியை இறக்கி உங்கள் ஷெட்டில் தொங்கவிட்டீர்கள். "ஒங்க ஆளுவ ஒடச்சிருவாவ அண்ணா, பத்திரமா வைக்கியோம்" என்றாய். அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். இன்றும் அது திருட்டுதான்.

உன் மதினியை, என் சாராம்மாவை அடக்கம் செய்ய எடுத்தபோது எங்கள் மணிக்கூண்டு வெறுமையாக நின்றது. மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டைத் தட்ட ஆள் அனுப்பினேன். அதற்குள் உங்கள் பக்கமிருந்து துக்கமணி கேட்டது. ஒவ்வொரு அடியும் முழுவதும் அடங்கிய பிறகே அடுத்த அடி விழுந்தது. அப்பா அப்படி அடிக்கச் சொல்லித் தந்தது நம் இருவருக்கு மட்டும்தான்.

"ஒம்ம தங்கச்சியாக்கும் அடிக்கியது. கேக்காதது போல நிக்காதேயும்" என்றான் என் பக்கத்தில் நின்ற குட்டப்பன்.

கேட்டது.

மணியை உன் மகன் ரெஜித் ஜீப்பில் கொண்டுவரட்டும். கூண்டின் உத்திரத்தை நான் மாற்றிவைக்கிறேன். இனி எந்தச் சண்டையிலும் மணியைத் தொடமாட்டோம் என்று இரு பக்கத்து மூப்பர்களும் கையெழுத்திடட்டும். கூண்டுச் சாவி ஆளுக்கொன்று. முதல் ஞாயிறு ஆராதனைக்குக் கயிற்றை நீ இழு. பிறகு வீட்டுக்கு வா. மீன்கறி நான் வைக்கிறேன். சாராம்மா வைத்தது போல் இருக்காது.

உன் அண்ணன்