தொலையாத பாக்கெட்டுகள்

14.3.2006, செவ்வாய்

கால் சென்டர் பேச்சைத் துண்டு துண்டாக, பாக்கெட்டுகளாகக் கொண்டுபோகும் எங்கள் நெட்வொர்க்கில் இந்த மாதம் ஒன்றுகூடத் தொலையவில்லை என்று மேலாளர் ராகவன் சார் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் செய்தது ஒன்றுதான். திடீர் நெரிசலில் தொலைந்துகொண்டிருந்தவற்றை ரூட்டரில் நீள வரிசை கட்டிக் காக்க வைத்தேன். இப்போது எல்லாம் போய்ச் சேருகின்றன, தாமதமாக. எங்கள் அறிக்கையில் தாமதத்துக்கு இடமில்லை.

மதியம் கால் சென்டர் மேரி, ஹைதராபாத் பக்கத்து லாலாகுடாக்காரி, வழிமறித்தாள். "அக்கா, நான் பேசுறது கஸ்டமருக்கு லேட்டாப் போகுது. ரெண்டு பேர் பேச்சும் மோதிக்குது. திட்டு மட்டும் எனக்கு. கைக்கு அக்கா, எதுக்கு?"

வரிசையைக் குறைத்தால் பாக்கெட்டுகள் மறுபடி தொலையும், என் குட்டு வெளிப்படும். இருந்தாலும் சொல்லிவிடுவதென்று சாயங்காலம் சாரின் அறைக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவர், "லைன்ல குறையே இல்லைன்னு உன் ரிப்போர்ட்டே சொல்லுதேம்மா. அந்த மேரிதான் கஸ்டமர் பேச்சுல குறுக்க விழறா. நாளையிலேர்ந்து அவ வேண்டாம்" என்றார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.